பேராக் 2009: பெரும்பான்மையை எண்ண வேண்டிய இடம் எது?

2009 பிப்ரவரி 5ஆம் நாள் மலேசியாவின் பேராக் மாநில சுல்தான் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சட்டமன்றத்தைக் கலைக்குமாறு மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) முகமட் நிசார் ஜமாலுடின் விடுத்த வேண்டுகோளைச் சுல்தான் ஏற்கவில்லை. ஆகவே மந்திரி பெசாரும் அவருடைய ஆட்சிக்குழுவினரும் உடனே பதவி விலக வேண்டும். விலகாவிட்டால் அப்பதவிகள் காலியானவையாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். மறுநாளே, மத்தியில் ஆண்ட தேசிய முன்னணியைச் சேர்ந்த சம்ரி அப்துல் காதிர் அரண்மனையில் மந்திரி பெசாராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். நிசார் பதவி விலகவில்லை. அடுத்த ஓராண்டுக் காலம், சட்டப்படி யார் மந்திரி பெசார் என்ற கேள்வியோடுதான் பேராக் மாநிலம் இருந்தது.

அரண்மனை அறிக்கையில் மூன்று தனித்தனிச் செயல்கள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருந்தன. கலைக்க மறுத்தது முதலாவது. பதவி விலகுமாறு கோரியது இரண்டாவது. விலகாத நிலையில் பதவி காலியாகிவிடும் என்று அறிவித்தது மூன்றாவது. அன்று எழுந்த கண்டனங்களில் பெரும்பகுதி முதலாவதைச் சுற்றியே இருந்தது. ஆதரித்துப் பேசியவர்களும் அதையே பற்றிக்கொண்டார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணோட்டத்தில் முதலாவது ஏறத்தாழ ஐயத்துக்கு இடமற்றது. சிக்கல் முழுவதும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் இருக்கிறது.

எண்ணிக்கை மாறிய விதம்

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் 59 இடங்கள் கொண்ட பேராக் சட்டமன்றத்தில் நிசார் தரப்பின் மக்கள் கூட்டணி 31 இடங்களையும் தேசிய முன்னணி 28 இடங்களையும் பெற்றன. கூட்டணியின் 31இல் ஜனநாயக செயல் கட்சிக்கு (ஜசெக) 18, பிகேஆர் கட்சிக்கு 7, பாஸ் கட்சிக்கு 6. மந்திரி பெசார் மலாய் இனத்தவராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும் என்று மாநில அரசியலமைப்பு கூறுவதால், கூட்டணியிலேயே மிகச் சிறிய கட்சியான பாஸைச் சேர்ந்த நிசார் அப்பதவிக்கு வந்தார். சபாநாயகராக ஜசெகவின் துரோனோ தொகுதி உறுப்பினர் வி. சிவகுமார் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கட்சித் தாவல் முதலில் எதிர்த்திசையில்தான் நடந்தது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். 2009 ஜனவரி 25ஆம் நாள் போத்தா தொகுதியின் அம்னோ (தேசிய முன்னணியின் முதன்மைக் கட்சி) உறுப்பினர் நசாருடின் ஹாஷிம் பிகேஆர் கட்சிக்கு வந்தார். மக்கள் கூட்டணி அதைக் கொண்டாடியது. பத்து நாள்களுக்குள் நிலைமை தலைகீழானது. ஊழல் வழக்கை எதிர்கொண்டிருந்த பெஹ்ராங், சங்காட் ஜெரிங் தொகுதிகளின் பிகேஆர் உறுப்பினர்கள் இருவரும், ஜெலாப்பாங் தொகுதியின் ஜசெக உறுப்பினரும் துணைச் சபாநாயகருமான ஹீ யிட் ஃபூங்கும் தத்தம் கட்சிகளை விட்டு விலகிச் சுயேச்சைகளாகி, தேசிய முன்னணிக்கு ஆதரவு தெரிவித்தனர். நசாருடினும் அம்னோவுக்கே திரும்பிவிட்டார். கட்சிக் கணக்கில் இரு தரப்புக்கும் 28. நடுவில் மூன்று சுயேச்சைகள். பிப்ரவரி 5ஆம் நாள் அப்போதைய துணைப் பிரதமர் நஜிப் ரசாக் 31 உறுப்பினர்களையும் சுல்தான் அஸ்லான் ஷாவின் முன் நிறுத்தினார். சுல்தான் அவர்களைச் சந்தித்து அவர்களுடைய ஆதரவை உறுதி செய்துகொண்டார்.

எனவே 31 என்ற எண் பொய்யானது என்று வாதிடுவதில் பொருளில்லை. அந்த எண்ணை அரண்மனை வரவேற்பறையில் எண்ணியது ஓர் அரசமைப்புச் செயலாகுமா என்பதே வழக்கு.

விதிகள் சொல்வதும் சொல்லாததும்

பேராக் அரசியலமைப்பின் 16ஆம் விதியின் 6ஆம் உட்பிரிவு, சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையை மந்திரி பெசார் இழந்துவிட்டால், அவருடைய வேண்டுகோளின்படி சுல்தான் சட்டமன்றத்தைக் கலைத்தாலன்றி, அவர் ஆட்சிக்குழுவின் பதவி விலகலை அளிக்க வேண்டும் என்கிறது. கூட்டரசு (மத்திய) அரசியலமைப்பின் 43ஆம் விதியில் பிரதமருக்கும் இதே வாசகம்தான். கலைக்க இசைவு மறுப்பது சுல்தானின் தன்விருப்ப அதிகாரங்களில் ஒன்று என 18ஆம் விதி வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே கலைக்க மறுத்ததை அரசியல் நோக்கில் குறை கூறலாம். சட்டமீறல் என்று கூற முடியாது. அஸ்லான் ஷா சாதாரண அரசர் அல்லர். அரியணை ஏறுமுன் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சாதாரணச் சூழலில் கலைப்புக்கான வேண்டுகோளை அரசர் மறுக்க மாட்டார் என்றும், அதில் அவருடைய பங்கு வெறும் சம்பிரதாயமே என்றும் அவரே முன்பு எழுதியிருந்தார். அதை அவருக்கு எதிராகப் பலரும் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் ஒருவர் எழுதிய கட்டுரை, எழுதப்பட்ட விதியை மாற்றிவிடாது.

இனி, விதி சொல்லாதவற்றைப் பார்ப்போம். நம்பிக்கை இழந்ததை யார் தீர்மானிப்பது, எந்த முறையில் தீர்மானிப்பது என்பதை 16(6) சொல்லவில்லை. பதவி விலக வேண்டியவர் விலகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அது சொல்லவில்லை. அடுத்து வரும் 7ஆம் உட்பிரிவோ, மந்திரி பெசார் நீங்கலான ஆட்சிக்குழு உறுப்பினர்கள்தாம் சுல்தானின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள் என்கிறது. அதாவது மந்திரி பெசாரை நீக்கும் அதிகாரம் அரசரிடம் இல்லை என்பதை வரைவாளர்கள் கவனத்தோடு ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மந்திரி பெசாரை நியமிக்கும் உட்பிரிவில் ‘தம் கருத்தில்’ பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்ற சொற்கள் இருக்கின்றன. நம்பிக்கை இழப்பைப் பேசும் 16(6)இல் அச்சொற்கள் இல்லை. ஒரே விதிக்குள், ஓரிடத்தில் அரசரின் மதிப்பீட்டுக்கு இடமளித்து, மற்றோரிடத்தில் அதைச் சொல்லாமல் விட்டிருப்பது கைத்தவறு என்று கொள்வது கடினம்.

நைஜீரியாவும் சரவாக்கும்

நிசார் பிப்ரவரி 13ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தை நாடினார். சுல்தானை எதிர்த்து அல்ல. சம்ரி எந்த அதிகாரத்தின்பேரில் அப்பதவியில் இருக்கிறார் என்று கேட்டும், சட்டப்படி மந்திரி பெசார் தாமே என்று அறிவிக்கக் கோரியும் தொடுத்த வழக்கு அது. இரு தரப்பினரும் இரண்டு பழைய தீர்ப்புகளை ஏந்தி நின்றார்கள்.

முதலாவது நைஜீரியாவின் மேற்கு வட்டாரத்திலிருந்து வந்தது. 1962இல் அங்குள்ள ஆளுநர், சட்டமன்ற உறுப்பினர்கள் 66 பேர் கையொப்பமிட்ட கடிதத்தை வைத்து முதல்வர் அக்கிந்தோலாவை நீக்கி, அடெக்பென்ரோவை நியமித்தார். அவையில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1963இல், அன்று நைஜீரியாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், ஆளுநர் கடிதத்தை ஆதாரமாகக் கொண்டது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த அரசியலமைப்பு, முதல்வர் பெரும்பான்மையை இழந்துவிட்டதாக ‘ஆளுநருக்குத் தோன்றினால்’ அவரை நீக்கலாம் என்று வெளிப்படையாக அதிகாரம் அளித்திருந்தது. அத்தீர்ப்பின் அடித்தளமே அந்தச் சொற்கள்தாம். பிற்பாடு நைஜீரியர்கள் தங்கள் வட்டார அரசியலமைப்பை முன்தேதியிட்டுத் திருத்தி, அவை வாக்கெடுப்பு கட்டாயம் என்று ஆக்கி, அத்தீர்ப்பையே பயனற்றதாக்கிவிட்டார்கள் என்பது பேராக் வழக்கை ஒட்டிய விவாதங்களில் அதிகம் பேசப்படவில்லை.

இரண்டாவது மலேசியாவின் சரவாக் மாநிலத்திலேயே நடந்தது. 1966 ஜூனில் சரவாக் ஆளுநர், 42 உறுப்பினர்களைக் கொண்ட மாநிலச் சட்டமன்றமான கவுன்சில் நெக்ரியில் 21 பேர் கையொப்பமிட்ட கடிதத்தைக் காரணம் காட்டி முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானைப் பதவியிலிருந்து அகற்றினார். கூச்சிங் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஹார்லி, சரவாக் அரசியலமைப்பில் நம்பிக்கை என்பது அவையின் வாக்கெடுப்பால் மட்டுமே அளக்கத்தக்கது என்றும், நைஜீரிய ஆளுநருக்கு இருந்ததுபோன்ற நீக்கும் அதிகாரம் சரவாக் ஆளுநருக்கு இல்லை என்றும் கூறி நிங்கானை மீண்டும் பதவியில் அமர்த்தினார். சரவாக் விதியும் பேராக்கின் 16(6)உம் ஏறத்தாழ ஒரே வாசகம். ஒரு வாரத்திலேயே மத்திய அரசு சரவாக்கில் நெருக்கடி நிலையை அறிவித்து, மாநில அரசியலமைப்பைத் திருத்தி, அவையைக் கூட்டும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளித்தது. செப்டம்பர் மாத இறுதிக்குள் நிங்கான் அவையில் வாக்கெடுப்பின் மூலமே வெளியேற்றப்பட்டார். நிங்கானை வீழ்த்த விரும்பியவர்களும், நீதிமன்றம் சொன்ன பிறகு, அவை வாக்கெடுப்பைத் தவிர்க்க முடியவில்லை என்பதே இதில் நமக்கு வேண்டிய செய்தி.

மூன்று நீதிமன்றங்கள்

2009 மே 11ஆம் நாள் உயர்நீதிமன்ற நீதிபதி அப்துல் அசிஸ் அப்துல் ரஹிம் நிங்கான் வழக்கின் வழியிலேயே நின்று, நிசார்தான் மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தார். நம்பிக்கை இழப்பு அவையில் வாக்கெடுப்பின் மூலமே நிறுவப்பட வேண்டும். மந்திரி பெசாரை நீக்கும் அதிகாரம் சுல்தானுக்கு இல்லை. பதவி விலகாதவரின் இடம் தானாகக் காலியாகிவிடும் என்று கருத விதியில் இடமில்லை. நிசார் கலைப்பைக் கேட்டது 16(6)இன் கீழா, அல்லது பொதுவாகக் கலைப்பைப் பற்றிப் பேசும் 36ஆம் விதியின் கீழா என்ற தகராறும் எழுந்திருந்தது. 16(6)இன் கீழ் கேட்டிருந்தால், பெரும்பான்மையை இழந்ததை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாநிலச் சட்ட ஆலோசகரின் வாக்குமூலம் ஒரு பக்கம், நிசாரின் வாக்குமூலம் மறுபக்கம். உயர்நீதிமன்றம் நிசாரின் தரப்பை ஏற்றது.

அந்த வெற்றி ஒரு நாள்கூட முழுமையாக நிலைக்கவில்லை. மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது; மே 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக அதை மாற்றினார்கள். 2010 பிப்ரவரி 9ஆம் நாள், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் ஒருமனதாகச் சம்ரியின் பக்கம் நின்றது.

கூட்டரசு நீதிமன்றத்தின் தர்க்கம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நம்பிக்கை இழப்பை வாக்கெடுப்பால் மட்டுமே நிறுவ வேண்டும் என்று 16(6) கூறவில்லை. ஆகவே மந்திரி பெசாரின் சொந்த ஒப்புதல், உறுப்பினர்களின் வெளிப்படையான நிலைப்பாடு போன்ற பிற சான்றுகளாலும் அதை நிறுவலாம் என்றது. சபா மாநிலத்தில் 1994ஆம் ஆண்டு நிகழ்வுகளை ஒட்டிய அமிர் கஹார் வழக்கையும் நைஜீரியத் தீர்ப்பையும் அது துணைக்கொண்டது. பதவி விலகலை ‘அளிக்க வேண்டும்’ என்பது கட்டாயம். அக்கட்டாயத்தை மீறியவர் பதவியில் தொடர முடியும் என்றால் விதியே பொருளற்றதாகிவிடும். எனவே அவர் பதவி விலகியவராகவே கருதப்படுவார் என்று முடித்தது.

இதில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் இரண்டு. சபா வழக்கில் முதலமைச்சர் ஜோசப் பைரின் கிட்டிங்கான் தாமே பதவி விலகியிருந்தார். அவருடைய அமைச்சர்களில் ஒருவர்தான் தம் பதவி தொடர்கிறது என்று வாதிட்டார். தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறிய ஒருவரின் வழக்கில் வாக்கெடுப்பு தேவையில்லை என்று சொல்வது இயல்பு. ஒப்புக்கொள்ளாத ஒருவருக்கு அதையே நீட்டுவது வேறு. இரண்டாவதாக, நியமிக்கும்போது யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்று சுல்தான் மதிப்பிடுகிறார், எனவே இழந்ததையும் அவரே மதிப்பிடலாம் என்ற வாதம் வட்டமடிக்கிறது. நியமன அதிகாரம் எழுவது பதவி காலியான பிறகு. பதவி காலியானதா என்பதற்கே அந்த அதிகாரத்தைச் சான்றாக்கினால், ‘சுல்தானின் விருப்பம் உள்ளவரை’ என்ற சொற்களிலிருந்து மந்திரி பெசாரை விலக்கிய 7ஆம் உட்பிரிவுக்கு வேலையே இல்லாமல் போகிறது. நீக்கவில்லை, காலியானதாகக் கருதினோம் என்பது பெயரளவிலான வேறுபாடாகவே எஞ்சுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல் பொம்மை வழக்கில், ஓர் அரசின் பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் அவையே, ஆளுநரின் தனிப்பட்ட கருத்து அல்ல என்று கூறியதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஒரே வெஸ்ட்மின்ஸ்டர் மரபிலிருந்து கிளைத்த இரு நாடுகள் அதே கேள்விக்கு எதிரெதிரான விடைகளைத் தந்திருக்கின்றன.

சபாநாயகரின் பங்கு

அப்படியானால் சுல்தான் அவையைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தச் சொல்லியிருக்கலாமே என்பது நிசார் தரப்பின் வலிமையான வாதம். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. மக்கள் கூட்டணியின் ஆதரவாளர்கள் அதைப் பேச விரும்புவதில்லை. கட்சி தாவிய மூவரிடமிருந்தும் முன்பே பெறப்பட்டிருந்த, தேதியிடப்படாத பதவி விலகல் கடிதங்களைக் கொண்டு, அவர்களுடைய தொகுதிகள் காலியாகிவிட்டதாகச் சபாநாயகர் சிவகுமார் அறிவித்திருந்தார். தேர்தல் ஆணையம் அதை ஏற்க மறுத்தது. சபாநாயகரின் அறிவிப்பே நிலைத்திருந்தால் அவையில் 28க்கு 28. அதாவது பிப்ரவரி முதல் வாரத்தில் அவை கூடியிருந்தால், வாக்கெடுப்பின் முடிவை உறுப்பினர்களின் மனநிலையைவிட, வாக்களிக்க யாரைச் சபாநாயகர் அனுமதிக்கிறார் என்பதே தீர்மானித்திருக்கும். தேதியில்லாக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவைப்பது உறுப்பினரின் சுதந்திரத்தை அடகுபிடிப்பது. அதை மக்களாட்சியின் கவசமாகக் காட்டியதில் நியாயமில்லை.

பின்னர் நடந்தவை அந்த ஐயத்தை வலுப்படுத்தவே செய்தன. பிப்ரவரி 18ஆம் நாள் சிவகுமார், சம்ரியை 18 மாதங்களுக்கும் அவருடைய ஆட்சிக்குழுவினர் ஆறு பேரை 12 மாதங்களுக்கும் அவையிலிருந்து இடைநீக்கம் செய்தார். மார்ச் 3ஆம் நாள் ஈப்போவில் மாநிலச் செயலகத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் கூடிய மக்கள் கூட்டணி உறுப்பினர்கள், நிசார் மீது நம்பிக்கைத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம், தொகுதி காலியானதா என்பதை நிறுவும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கே உரியது என்றும், இடைநீக்கம் செல்லாது என்றும் அடுத்தடுத்துத் தீர்ப்பளித்தது.

மே 7ஆம் நாள் அவை கூடியபோது, பட்டத்து இளவரசரான ராஜா மூடா நஸ்ரின் ஷா தொடக்க உரை ஆற்றுவதற்காக மணிக்கணக்கில் காத்திருக்க, உள்ளே சிவகுமார் இருக்கையிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டு, மலேசிய இந்திய காங்கிரஸைச் (மஇகா) சேர்ந்த ஆர். கணேசன் சபாநாயகராக்கப்பட்டார். ஒரு தமிழரை இழுத்துச் சென்று மற்றொரு தமிழரை அமர்த்திய அந்தக் காட்சி மலேசியத் தமிழர் வீடுகளில் நீண்ட நாள் பேசப்பட்டது. ஆனால் வழக்கின் சட்டக் கேள்வியில் அதற்கு இடமில்லை. சட்டத்துக்கு முக்கியம் வேறொன்று: பதவிப் பிரமாணம் எடுத்த மூன்று மாதங்களுக்குப் பிறகுதான், அதுவும் இந்த விதத்தில்தான், புதிய அரசு அவையைச் சந்தித்தது.

கேள்வி கேட்டதற்கு விலை

சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று 2009 பிப்ரவரி 6ஆம் நாள் செய்தியாளர்களிடம் கூறியதற்காக, ஜசெகவின் மூத்த வழக்குரைஞர் கர்ப்பால் சிங் மீது தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. 2014இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 4,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்தார். 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூன்று நீதிமன்றங்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்த ஒரு சட்டக் கேள்வியைக் கேட்கலாம் என்று சொன்னதே குற்றமாக்கப்பட்டது என்பது, அரசரின் தன்விருப்ப அதிகாரம் எந்தச் சூழலில் செயல்பட்டது என்பதற்கான விளக்கம்.

பின்விளைவு

தீர்ப்பு பேராக்கோடு நிற்கவில்லை. 2018இல் சபாவில் மூசா அமான் பதவியேற்ற இரண்டே நாள்களில் ஆறு உறுப்பினர்கள் அணிமாற, ஷாஃபி அப்டால் முதலமைச்சராக்கப்பட்டார். உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. இம்முறை பயனடைந்தவர்கள் தேசிய முன்னணியின் எதிரணியினர். 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் பதவி விலகியபோது மாமன்னர் (நாட்டின் அரசர்) நாடாளுமன்ற உறுப்பினர்களை அரண்மனைக்கு வரவழைத்துக் கருத்தறிந்து, மார்ச் 1ஆம் நாள் முகிதீன் யாசினைப் பிரதமராக்கினார். பதவி காலியாக இருந்ததால் அங்கே நியமன அதிகாரம் ஐயமின்றி எழுந்திருந்தது. இருப்பினும் எண்ணும் இடம் அரண்மனை என்ற பழக்கம் அதற்குள் இயல்பாகிவிட்டிருந்தது.

அதே 2020 டிசம்பர் 4ஆம் நாள் பேராக் சட்டமன்றத்தில் மந்திரி பெசார் அகமட் ஃபைசால் அசுமு தம் மீதான நம்பிக்கைத் தீர்மானத்தை அவையின் வாக்குக்கு விட்டார். ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத வாக்கு 1. எண்ணிக்கையில் யாருக்கும் ஐயம் எழவில்லை, வழக்கும் வரவில்லை. 2009இல் இயலாது என்று கருதப்பட்டது அதே மண்டபத்தில் ஒரே நாளில் முடிந்தது.

2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைத் திருத்தம், கூட்டரசு அரசியலமைப்பில் 49ஏ என்ற புதிய விதியைச் சேர்த்தது. கட்சியிலிருந்து விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் இடத்தை இழப்பார். கட்சியால் நீக்கப்படுபவர் இழக்கமாட்டார். இடம் காலியானதை நிறுவித் தேர்தல் ஆணையத்துக்கு 21 நாள்களுக்குள் தெரிவிக்கும் பொறுப்பு சபாநாயகருடையது. 2009 ஏப்ரலில் சிவகுமாரிடமிருந்து பறித்து ஆணையத்துக்கு அளிக்கப்பட்ட அதே பணியை, நாடாளுமன்றமே இப்போது நாடாளுமன்ற சபாநாயகர் கையில் கொடுத்திருக்கிறது. பிரதமர் அன்வார் இப்ராகிமை ஆதரித்த, எதிர்க்கட்சியான பெர்சத்து கட்சி உறுப்பினர்கள் ஆறு பேரின் உறுப்பியம் முடிந்துவிட்டதாக அக்கட்சி அறிவித்தபோது, அவர்களுடைய இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் முடிவு செய்தார்.